அக்காவின் அறைக்கு ஏசி பூட்டினார்கள், அம்மா

என் அம்மாவுக்கு,

இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். அங்கே உங்களோடு இருக்கும் அம்மப்பாவுக்கும் வேண்டாம். அவருக்கு வாய் நிற்காது. போர்வைக்குள் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல் என்று ஏசாதீர்கள்.

அக்காவுக்குக் கல்யாணம் சரிவந்துவிட்டது. நீங்கள் ஆசைப்பட்டபடியே வாவிப் பக்கத்து வளவில் அவளுக்கு வீடும் கட்டியாயிற்று. நாங்களும் இங்கேயே வந்துவிட்டோம். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதானே பெண்ணின் வீட்டுக்கு வரவேண்டும். அவர் வருமுன் அறைக்கு ஏசி பூட்டிவிடச் சொல்லி அவருடைய அம்மா ஆள் அனுப்பினார். குளிரும் தருமாம், சூடும் தருமாம் அந்த மெஷின். ஆரையம்பதியில் சூட்டை விலைகொடுத்து வாங்கிய முதல் குடும்பம் நாங்கள்தான்.

ஏசி வாங்கிய கடையிலேயே பூட்டுகிறவர்கள் இருந்தார்கள். அப்பா கேட்டாரா? மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் சுதன் கரண்ட் வேலை செய்கிறவராம். “அவங்கட ஆள் இரிக்கக்குள்ள வேற ஆளைக் கூப்பிட்டா என்ன நினைப்பாங்க?” என்றார். வாவியில் தோணி விடும்போது எந்தக் காற்றுக்கும் பயப்படாத மனிதர், சம்பந்தி வீடு என்றால் மட்டும் ஏன் அம்மா இப்படி ஆகிவிடுகிறார்?

இந்தா வாறன், அந்தா வாறன் என்று இழுத்தடித்து, ஒருவழியாக இன்றைக்குத்தான் சுதன் மச்சான் வந்தார். புதுச் சுவரில் ஒரு துளை போட்டார். அது பிழையாம், பக்கத்திலேயே இன்னொன்று போட்டார். பிறகு ஏசியைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்ட் நின்றது. தூக்கிவிட்டார். திரும்பவும் விழுந்தது. எங்கேயோ கரண்ட் ஒழுகுகிறது என்றுதானே அது சொல்கிறது? எங்கே என்று தேடவேண்டாமா? அவர் தேடவில்லை. ட்ரிப் சுவிட்சுக்குள் போகாமல், சுற்றிக்கொண்டு போய் ஏசிக்குக் கம்பி கொடுத்துவிட்டார்.

“இனி விழாது மாமா.”

“விழுறதுக்குத்தானே அதைப் பூட்டியிரிக்கி?” என்று கேட்டேன்.

“பாருங்க மாமா, மச்சாள் எஞ்சினியராகிட்டா! மறுகா நான் எதுக்கு?”

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். “நீ போய்த் தேத்தண்ணி போடு புள்ள.”

பின்னேரம் கொல்லைப்பக்கம் உடுப்பு அலசிக்கொண்டிருந்தேன். கொடிக்குக் கிட்டத்தான் ஏசியின் வெளிப்பெட்டியைப் பூட்டியிருக்கிறார்கள். ஈரக்கை அதில் பட்டதும் தோள்வரைக்கும் சுண்டி இழுத்தது. விழுந்துவிட்டேன், அம்மா. அப்பா ஓடிவந்தார். செருப்போடு நின்று, உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு, பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

“ஒண்டுமில்லையே!”

“அக்கா ஒவ்வொரு நாளும் விடியக்குள்ள ஈர உடுப்போட, வெறுங்காலோட இதுலதானேப்பா நிக்கிறவ?”

“வாயை மூடு. வேலை சரியில்லெண்டு அந்தப் பொடியன் சுதன்ட காதில விழுந்தா கல்யாணம் என்னாகும்?”

அக்காவிடம் போனேன். அவள் என் கையைக்கூடப் பார்க்கவில்லை. “கல்யாணத்தைக் குழப்பிராதடி” என்று சொல்லிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். விடிந்ததும் முதல் வேலையாக அந்தக் கொடியடிக்குத்தான் போவாள்.

என்னால் கல்யாணம் நின்றுபோகுமோ என்று பயமாக இருக்கிறது. நிற்காமல், அக்கா அங்கே விழுந்து கிடந்தால்? நீங்கள் இருந்திருந்தால் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டே, சிரித்த முகத்தோடு, சுதன் மச்சானிடம் வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பீர்கள். அவருக்கும் கோபம் வந்திருக்காது. அதை எப்படிச் சொல்வது? எனக்குச் சொல்லித்தராமலே கண்ணை மூடிவிட்டீர்களே.

சொல்லத் தெரியாததால், இப்போதுதான் எழும்பிப் போய் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வந்தேன். வீடு முழுக்க இருட்டு. ஃபேன்கள் நின்றுவிட்டன.

அக்கா எழும்பிவிட்டாள். “அப்பா, கரண்ட் போயிட்டு!”

“முன்வீட்டுல லைட் எரியிதே?” அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது.

அம்மா, வேறொருவர் வந்து பார்த்துச் சரிசெய்யும்வரை அந்தச் சுவிட்சைப் போட விடமாட்டேன். அப்பா கத்தட்டும், அக்கா அழட்டும், கல்யாணம் என்னவும் ஆகட்டும். அதன் முன்னால்தான் நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும்—

கதவைத் தட்டுகிறார்.

“புள்ள, மெயினை ஆர் நிப்பாட்டின?”

நான்தான். போய்ச் சொல்கிறேன், அம்மா.

உங்கள் இளைய மகள்