மைமூனை இனி நான் எழுத வேண்டும்

என் பிரியமான மதினி ஜரினாவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை. எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். அதையும் பாதியில் நிறுத்திவிட்டு, "சுருக்கமாச் சொல்லு மதினி" என்பாய். இப்போது நிறுத்த ஆளில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. கந்தர்வக்கோட்டையில் இந்த வருடம் முந்திரி சுமார்தான். என் மாமியாருக்கு முட்டிவலி. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நம் சீரியல் முடிந்துவிட்டது. நாயகிக்குக் குழந்தை பிறந்தது, வில்லி திருந்தினாள், எல்லாம் சுபம். உன் மைமூனைக் கடைசி வாரத்தில்கூடக் காட்டவில்லை.

காட்டுவார்கள் என்று நீயும் நம்பியிருக்க மாட்டாய். நாயகியின் தோழியாக நாலே காட்சி வந்து போனவள். புருஷன் விசைப்படகு ஓட்டுகிறான் என்பது தவிர அவளைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. "இவளுக்கெல்லாம் வீடு வாசல் கெடையாதா?" என்று கேட்டு நீதான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாய். கதைச் செயலியில் நாம் சேர்ந்து எழுதிய ரசிகர் கதையில் பாதி அவளுடையது. கடற்கரைக்காரி மைமூன் உன் பங்கு. முந்திரிக் கொல்லை வைத்திருக்கும் நாயகியின் மாமியார் என் பங்கு. பழகிப் பழகிக் கதையில் பாத்திரங்கள் சொந்தக்காரர்கள் போல ஆனதால் நாமும் மதினி முறை ஆனோம்.

ஒரு தடவை பங்கை மாற்றி எழுதிப் பார்ப்போம் என்றாய். கதையில் வரும் என் மாமியார்க்காரி மரத்திலிருந்து முந்திரிக் கொட்டையைப் பறித்துப் பல்லால் கடித்துத் தின்பதாக எழுதி அனுப்பினாய். நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தார். "பச்சக் கொட்டையக் கடிச்சா அந்தப் பாலு பட்டு வாயி வெந்துரும்டி. ஒன் மாமியா இந்நேரம் ஆஸ்பத்திரியில கெடப்பா" என்றேன்.

நீ அசரவில்லை. "சரி, கொட்டைய விடு. அந்தம்மாவுக்குக் கோவம் வந்தா என்ன வேல பாக்கும்?" என்று கேட்டாய். பேசாமல் கொல்லைக்குப் போய்ச் சருகு கூட்டும், சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது என்றேன். அதை அப்படியே எழுதினாய். அதைப் படித்த என் சொந்த மாமியார் ஒரு நாள் முழுக்க என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். ஜெகதாப்பட்டினத்துக்காரி நீ எழுதியது என்று இன்றுவரை நம்பவில்லை.

மைமூனின் புருஷன் போன படகை இலங்கை நேவிக்காரர்கள் நடுக்கடலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்த அத்தியாயத்தோடு நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. அவன் வருவானா, வந்தால் என்ன ஆகும், எதையும் என்னிடம் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம். சாகப்போகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

படிக்கிறவர்கள் எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அவர்களைவிட என் பயம் பெரிது. கதை பாதியில் நின்றால் மைமூனும் போய்விடுவாள். உன் குரலில் பேசுகிற ஒருத்தி அவள்தான் மிச்சம். அதனால் நானே எழுதினேன். மைமூன் சாயங்காலம் கடற்கரையில் நிற்கிறாள், துப்பட்டா காற்றில் பறக்கிறது, கண்ணீரோடு கடலைப் பார்க்கிறாள். போட்ட அன்றே பாராட்டுக் குவிந்தது. அழுதுவிட்டேன் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள்.

உன் தங்கச்சி ரஷீதா ஃபோன் செய்தாள். "படிச்சேன்க்கா. நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ராத்தாவோட மைமூன் இல்ல."

ஏன் என்றேன்.

"புருஷன் பிடிபட்டா எவ கடலப் போயிப் பாப்பா? அவரு கடல்லயா இருக்காரு, ஜெயில்ல இருக்காரு. நாங்க ஃபோன்ல சார்ஜ் இருக்கான்னு பாப்போம். எந்த ஆபீஸுக்குப் போவணும்னு பாப்போம். கடற்கரையில நிக்கிறதெல்லாம் சினிமாக்காரங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை பேர் அழுதிருக்கிறார்கள், இவளுக்கு என்ன என்று நினைத்தேன். ராத்திரி மறுபடி படித்தபோது வெட்கமாகப் போயிற்று. பெயரை மட்டும் மைமூன் என்று வைத்து எனக்குத் தெரிந்த சோகத்தையெல்லாம் அவள் தலையில் கட்டியிருந்தேன். நீ அந்த மாமியாரை எழுதியபோது என்னைக் கேட்டாய். நான் யாரையும் கேட்கவில்லை.

அத்தியாயத்தைச் செயலியிலிருந்து நீக்கிவிட்டு உன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் உன் வீட்டுக்காரர் அப்பாஸ் அண்ணன் வீட்டில் இருந்தார். ரஷீதா டீ போட்டாள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டேன்: "அண்ணே, மைமூன் புருஷன் திரும்பி வந்தா அவ மொதல்ல என்ன செய்வா?"

அவர் உன் கதையைப் படித்ததே இல்லையாம். "மைமூன் யாருன்னு எனக்குத் தெரியாதும்மா. என்னய ஒருதடவ பிடிச்சு ஜெயில்ல வச்சிருந்து விட்டாங்கல்ல, அப்ப இவ செஞ்சதச் சொல்றேன்" என்றார்.

படகிலிருந்து வருகிற ஆம்பளை எவனும் வெறுங்கையோடு வீட்டுக்கு வரமாட்டான், கறிக்கு என்று ஒரு பையில் மீன் இருக்கும் என்று ரஷீதா எனக்கு விளக்கினாள். ஜெயிலிலிருந்து வந்தவரிடம் ஏது மீன்? தாடியும் அழுக்குச் சட்டையுமாக வாசலில் நின்றிருக்கிறார். தெருவே கூடி அழுகிறது. நீ அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெறுங்கையோட வந்து நிக்கிறீங்க, கறிக்கு மீன் எங்க?" என்று கேட்டாயாம்.

"கூட்டமே சிரிச்சுருச்சும்மா. நானும் அந்தக் கோலத்தோடயே கடைத்தெருவுக்குப் போயி மீன் வாங்கிட்டு வந்தேன். அத அரியும்போதுதான் அழுதா." சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் இருந்தார். பிறகு, "இப்பல்லாம் தொழிலுக்குப் போயிட்டு வர்றப்ப மீனோடதான் வாரேன். கேக்கத்தான் ஆளில்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரஷீதா உள்ளே போய்விட்டாள்.

ஜரினா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மைமூனை இனி அழகாக அழ வைக்க மாட்டேன். தெரியாத இடத்தில் ரஷீதாவைக் கேட்பேன், அவள் திட்டினால் வாங்கிக்கொள்வேன். மைமூனின் புருஷன் வருவான். வெறுங்கையோடு வருவான். அவள் மீனைக் கேட்பாள்.

உன் மதினி,
கந்தர்வக்கோட்டை மகேஸ்வரி