கேபிளில் உங்கள் கைப்பிடி

பாய்,

இன்று காலை ஜன்னலுக்கு வெளியே ஆண்டெனா கேபிளைத் துடைத்தபோது உங்கள் பிடி கையில் பட்டது. கறுப்பு டேப் சுற்றிய அந்த ஒரு சாண் இடம் மட்டும் இன்னும் வழவழவென்று இருக்கிறது. குன்னூர் மார்க்கெட்டில் குடை விற்ற கை பிடித்துப் பிடித்துத் தேய்த்த இடம்.

நம் ஆண்டெனா நினைவிருக்கும். எமரால்டு கிராமத்தில் கேரட் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளித்த அலுமினியக் குழாய். நட்டு நிறுத்தினால் மூன்று அலைவரிசைப் பேண்டிலும் பேசும் என்று ஊருக்கே அறிவித்தேன். இரண்டில் பேசியது, பிரேசில்காரன் ஒருவன் என் குரலைக் கேட்டுக் கண்ணீர் விட்டான். நாற்பது மீட்டர் பேண்டில் மட்டும் முரண்டு பிடித்தது. ரேடியோ அனுப்புவதை வாங்கிக்கொள்ளாமல் பாதியைத் திருப்பித் தள்ளும். மீட்டர் முள் சிவப்பில் ஏறி நிற்கும். ஞாயிறு காலையில் ஹாம் ரேடியோக்காரர்கள் கூடிப் பேசுவதோ அந்த நாற்பதில்தான். அங்கே நம் குரல் கேட்காவிட்டால் இந்த மலையே இல்லாத மாதிரி.

"உங்க பேச்சுல பாதி வேண்டாம்னு ஆண்டெனாவே திருப்பி அனுப்புதுங்க மாப்ளே" என்றீர்கள்.

பிறகு ஒரு மழை நாளில், செருப்பை வாசலில் விட்டு, குடையோடு சேற்றில் நின்று கேபிளைத் தூக்கிப் பிடித்தீர்கள். முள் சரசரவென்று இறங்கியது. விட்டீர்கள், ஏறியது. நான் பிடித்தேன், அசையவில்லை. உங்கள் ரத்தத்தில் செம்பு கலந்திருக்கிறது என்று அங்கேயே கண்டுபிடித்துச் சொன்னேன்.

"சர்க்கரை இருக்குதுன்னுதான் டாக்டர் சொன்னாருங்க. செம்பப் பத்தி ஒண்ணுஞ் சொல்லல."

அன்று முதல் ஞாயிறுதோறும் நான் உள்ளே உட்கார்ந்து பேசினேன். நீங்கள் வெளியே நின்று பிடித்தீர்கள்.

நீங்கள் போனபின் முள் சிவப்பை விட்டு இறங்கவே இல்லை. கோயம்புத்தூர் நண்பர் போனில் ஆறுதல் சொன்னார்: "அந்த ஆண்டெனா பாயோட போச்சுங்க. ஒரு டியூனர் பெட்டி வாங்கி வெச்சுக்குங்க."

மேஜையில் பெட்டி வைத்தால் முள் இறங்கும், வாஸ்தவம். சமாதானம் முள்ளுக்குத்தான், வெளியே கேபிளில் வீணாவது வீணாகிக்கொண்டே இருக்கும். எட்டாவதோடு பள்ளியை நான் நிறுத்தியிருக்கலாம், ஆனால் ஹாம் பரீட்சையில் என் விடைத்தாளைப் பார்த்து அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். டீ குடிக்க எழுந்தார் என்பீர்கள். இருக்கட்டும். பாயோடு எதுவும் போகவில்லை, பெட்டி என் ஊட்டுக்குள் வராது என்று போனை வைத்தேன்.

வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் காலில் ரப்பர் கம்பூட்ஸ். அந்த மழை நாளிலும் அதைத்தான் போட்டிருந்தேன். நீங்கள் நின்றது வெறுங்காலோடு, ஈர மண்ணில். ஆண்டெனா நட்ட இடத்திலோ மண்ணுக்கு அடியில் முழுக்கப் பாறை. அதற்குக் கிடைக்காத பூமித் தொடர்பை உங்கள் கால்தான் கொடுத்துக்கொண்டிருந்தது, பாய். செம்பு இல்லை.

அடிக்கம்பத்திலிருந்து நாலாபக்கமும் செம்புக் கம்பி இழுத்தேன். கவாத்து வெட்டும்போது கத்தி மாட்டும் என்று பக்கத்துத் தேயிலைக்காரர் சத்தம் போட்டார். செடிகளுக்கு நடுவே மண்ணைக் கீறிப் புதைத்துக் கொடுத்தேன். மின்சாரம் கேபிளின் மேல்தோல் வழியே திரும்பி ஓடாதபடி, கேபிளைக் கம்பத்தடியில் பிளாஸ்டிக் குழாய்மேல் சுருளாகச் சுற்றினேன். முள் இறங்கிப் படுத்தது. கேபிளைப் பிடித்தேன், விட்டேன். அசைவில்லை.

ஞாயிறு கூட்டத்தில் கோயம்புத்தூர்க்காரர், எல்லாரும் கேட்கக் கேட்டார்: "பிரமாதமா வருதுங்க. இப்ப யாருங்க கேபிளப் புடிச்சிருக்கறது?"

"பாய்தானுங்க" என்றேன்.



இப்போது ஞாயிறுதோறும் மைக்கை ஜன்னல் வழியே இழுத்துக்கொண்டு, பூட்ஸைக் கழற்றி, உங்கள் இடத்தில் நின்று, கேபிளைப் பிடித்தபடிதான் பேசுகிறேன். இந்தக் குளிரில் இது எதற்கு என்கிறார் தேயிலைக்காரர். மீட்டரும் தேவையில்லை என்றுதான் காட்டுகிறது. மீட்டர் சொன்னதை நான் என்றைக்குக் கேட்டேன்?