கை தூக்கிய அப்பாக்கள்

அன்புள்ள பாக்கியலட்சுமிக்கு,

உன் இருமல் நின்றதா? மஸ்கட்டில் நான் நலம்.

நேற்று உனக்கு மேட்டுப்பாளையம் கம்பெனியில் ஷிப்ட் என்பதால், பெற்றோர் கூட்டத்திலிருந்து சிந்துஜாவின் டீச்சரே எனக்கு வீடியோ கால் போட்டார். என் அறையிலிருக்கும் ஆறு பேரும் இஸ்திரி போட்ட சட்டையோடு பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"இதுல அப்பா யாருங்க?" என்று டீச்சர் கேட்டதும் ஏழு கைகளும் உயர்ந்தன. எல்லாருமே பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவர்கள், என்ன செய்வது!

"மீசை வெச்சிருக்கறவருதான் மிஸ்" என்றாள் நம் மகள். ஏழு பேருக்கும் மீசை.

டீச்சர் சிரித்துவிட்டு, "பாருங்க பசங்களா, சத்தம் போடாம கை தூக்கறாங்க. ஏழு பேருக்கும் ஸ்டார்!" என்றார்.

இதைக் கொண்டுவரும் பிரேம்குமார் திரும்பும்போது வடகம் கொடுத்தனுப்பு. வடகத்தை மறந்தாலும் டீச்சரிடம் அந்த ஸ்டார் ஸ்டிக்கர்களை வாங்க மறந்துவிடாதே. எல்லாரும் வேலைக்குப் போடும் ஹெல்மெட்டில் இடம் துடைத்து வைத்திருக்கிறோம்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹார்ன் அடிக்கிறது.

உன்
கோபிநாத்