கலப்பைக்குப் பின்னால் வரும் மழை

டிரெகில்லிஸ் சமவெளி, தென் ஆஸ்திரேலியா
11 மார்ச் 1882

அன்புள்ள எட்வின் அண்ணாவுக்கு,

தங்கை லவீனியா எழுதுவது. நானும் அவரும் உயிரோடு இருக்கிறோம். அண்ணியின் இருமல் நின்றதா?

இதனுடன் உங்கள் பத்திரிகைக்கு, இங்கே குடிவர ஆட்களை அழைக்கும் ஒரு விளம்பரம் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். மூன்று மாதமாகப் புழுதியால் அவருக்குக் கண்நோய். எழுத்தும் தெரிவதில்லை, ஆளும் தெரிவதில்லை. "கலப்பை போன இடத்துக்கு மழை தானா வரும். இன்னும் இருபது குடும்பம் வந்து உழட்டும், வானம் பெய்யாம எங்க போகும்!" என்கிறார்.

அவர் பொய்யர் இல்லை அண்ணா. முழுசாக நம்புகிறார், அதுதான் பயமாக இருக்கிறது. இதைத் தாண்டினால் பயிருக்கு மழை போதாது என்று சர்வேயர் வரைந்த கோட்டுக்கு வடக்கே முதலில் உழுதது நாங்கள்தான். இரண்டு வருஷம் கோதுமை இடுப்பளவு நின்றது. அதைக் காட்டிப் பதினான்கு குடும்பங்களை வரவழைத்தார். பள்ளிக்கும் கோவிலுக்கும் நிலம் கொடுத்தார், வந்தவர்களுக்கெல்லாம் விதை மூட்டை கொடுத்தார். வறண்ட வருஷத்தில் எங்கே தண்ணீர் இருக்கும் என்று ஓடைக்கரைக் கறுப்பு மக்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களை விரட்டியதும் நாங்கள்தான்.

மூன்று விதைப்பு பொய்த்துவிட்டது. ஒன்பது குடும்பங்கள் போய்விட்டன. செவ்வாய்க்கிழமை பாஸ்கோ குடும்பமும் வண்டி கட்டியது. விதைக் கோதுமையை அரைத்துத் தின்று தீர்த்துவிட்டார்கள். அவர்களுடைய கைக்குழந்தையை ஜனவரியில் புதைத்தோம். மெர்சி பாஸ்கோ எங்கள் வாசலில் நின்று, "கோவமெல்லாம் இல்லக்கா. ஆனா வழியனுப்ப உங்க வீட்டுக்காரர் வெளிய வரவேணாம்னு சொல்லிடுங்க" என்றாள். பாவி, அழக்கூட இல்லை.

வண்டிச் சத்தம் கேட்டு, புதிதாக யாராவது குடிவருகிறார்களா என்று உள்ளேயிருந்து கேட்டார். வாய் தவறி ஆமாம் என்றுவிட்டேன். எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா! அந்தச் சந்தோஷத்தில்தான் இந்த விளம்பரம்.

அதை அடுப்பில் போட்டுவிடுங்கள். ஒரு குடும்பம்கூட இதைப் படித்து இங்கே வரக்கூடாது. பத்திரிகையில் இடமில்லை, மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்று அவருக்குப் பதில் எழுதுங்கள்.

கர்த்தர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். அந்தப் பதிலில் மட்டும் என் நலம் விசாரிக்காதீர்கள் அண்ணா. அதை நான்தான் அவருக்கு அழாமல் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

உங்கள் தங்கை,
லவீனியா