சத்தம் போடாத ஸ்பிரிங்

06.05.1997, செவ்வாய்

வேலை முடிந்து கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் வழக்கம் போலச் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருப்பதைச் சிப்பாய் இரண்டு தரம் வாசித்தான். இருபத்திரண்டு வருஷமாகக் கொழும்பில் கப்பல் கம்பனிக் குமாஸ்தா நான். அட்டைக்கு அது தெரியாது.

வீட்டில் மகள் ஐறீன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சுடும் பயிற்சியில் நானூறுக்கு முந்நூற்று நாற்பத்தொன்று. தேசிய பாடசாலை அணிக்குத் தேர்வு ஜூலை 12. குறைந்தது முந்நூற்று அறுபது வேண்டும். கோச் மிஸ் துவக்கைத் தானே வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையில் பிழையில்லை, ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று சொன்னாராம்.

துவக்கு என்று எழுதக் கை கூசுகிறது. எயார் றைபிள். குழலை மடித்து உள்ளே ஸ்பிரிங்கை இறுக்கி, பயறளவு ஈயக் குண்டைப் பத்து மீற்றர் தூரத்துக் கடதாசிக்கு அடிக்கிற சாமான். ஹியூபேட் அண்ணன் லண்டனுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அனுமதிப் பத்திரம் என் பெயரில் ஒழுங்காக இருக்கிறது. இருந்தும் என்ன? கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழன் வீட்டு அலுமாரியில், பெண்சாதியின் சேலைகளுக்குப் பின்னால், துவக்கு.

08.05.1997

அண்ணனிடமிருந்து கடிதம். ஐறீன் போன மாதமே எனக்குத் தெரியாமல் அவருக்கு எழுதியிருக்கிறாள். விலைப்பட்டியல் ஒன்றைக் கிழித்து அனுப்பியிருக்கிறார். நம்முடைய றைபிளுக்கு மூன்று விதமான ஸ்பிரிங் கிட் உண்டாம். எது வேண்டும் என்று எழுதட்டாம்.

உறையைத் திறந்து திரும்ப ஒட்டினது போல் இருக்கிறது. எனக்கு எல்லா உறையும் அப்படித்தான் தெரிகிறது.

11.05.1997, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மூன்று பேருமாகப் பட்டியலை மேசையில் விரித்தோம். முதலாவது கிட்டில் ஸ்பிரிங் பலமானது, குண்டு வேகமாகப் போகும். இரண்டாவதில் புது ஸ்பிரிங்கும் சீலும் மட்டும். மூன்றாவதில் மெதுவான ஸ்பிரிங். அதன் உள்ளே இறுக்கமாகப் பொருந்துகிற பிளாஸ்ரிக் தண்டு ஒன்று, பிஸ்டனுக்குப் புது சீல், தடித்த கிறீஸ். ஸ்பிரிங் உள்ளே கிடந்து அதிராதாம்.

"எனக்கு மூண்டாவது," என்றாள் ஐறீன். "கடதாசியில ஓட்டை போட வேகம் என்னத்துக்கு? துவக்கு தோளில குதிக்காமல் இருந்தாப் போதும்."

பெண்சாதி றஞ்சிதம் பட்டியலைப் பார்க்கவேயில்லை. "எது சத்தம் போடாதோ அதை வாங்குங்கோ," என்றாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் வீடு ஒடுங்கி நீண்ட வீடு. முன்வாசலிலிருந்து குசினிச் சுவர் வரை பத்து மீற்றரும் ஒரு சாணும். பின்னேரம் அரை மணித்தியாலம் றஞ்சிதம் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்திருப்பாள், மகள் வாசலில் நின்று குசினிக்குள் சுடுவாள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு உள்ளே ஸ்பிரிங் 'டொய்ங்' என்று அழும். பக்கத்து வீட்டு ஸாலிஹ் நானா நேற்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "கிளெமென்ற், அது என்ன சத்தம் எண்டு எனக்கு வெளங்கும். தெருவுல போற ஆக்களுக்கு வெளங்காது. பாத்துக்கோங்க," என்றார்.

உலகத்தில் மற்றவர்கள் எந்தக் கிட் பலம் என்று பார்த்து வாங்குகிறார்கள். நாங்கள் எது வெளியே கேட்காது என்று பார்த்து வாங்குகிறோம். மூன்றாவது.

12.05.1997

அண்ணனுக்கு எழுதினேன். படம் போட்ட பெட்டியை எறிந்துவிட்டு வெறும் கடதாசியில் சுற்றி அனுப்பச் சொன்னேன். சுங்கச் சீட்டில் றைபிள் என்ற சொல்லே வரக்கூடாது, தையல் மெசின் சாமான் என்று எழுதுங்கள் என்றும் சொன்னேன்.

நான் என்ன தொழில் செய்கிறேன்? ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் நின்று, சீட்டில் ஒன்றும் பெட்டியில் ஒன்றும் இருந்தால் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிறவன். சட்டப்படி வருகிற சாமானுக்கு நானே கள்ளப் பெயர் வைத்துவிட்டேன். தபாற்பெட்டிக்குள் கடிதம் விழுந்த பிறகுதான் இது மண்டையில் ஏறியது. கையை விட்டு எடுக்க முடியுமா?

13.05.1997

அண்ணனுக்கு ரெலிபோன் எடுத்து மாற்றச் சொல்லலாம். ரெலிபோனில் எப்படிச் சொல்வது? யார் கேட்கிறார்களோ.

27.05.1997, செவ்வாய்

சவுந்தரநாயகம் இன்றுதான் வேலைக்கு வந்தான். என் பக்கத்து மேசைக்காரன். பையில் ஒரு மணிக்கூடும் கொஞ்சம் வயரும் இருந்ததென்று பொலிசில் நாலு நாள் வைத்திருந்தார்கள். திருத்தக் கொண்டுபோன மணிக்கூடு. என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒண்டுமில்லை. தேத்தண்ணி குடுத்தவங்கள்," என்றான். பிறகு பின்னேரம் வரை ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணிக்கூட்டுக்கு நாலு நாள். ஸ்பிரிங்குக்கு?

04.06.1997, புதன்

காலை ஆறு மணிக்குத் தெருவை மறித்துச் சோதனை. எங்கள் வீட்டுக்கு ஒரு பொலிஸ் அதிகாரியும் மூன்று சிப்பாய்களும். அலுமாரியில் துவக்கு இருக்கிறது என்று நானே முதலில் சொன்னேன், அனுமதிப் பத்திரத்தை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு. சேலைகள் எல்லாம் நிலத்தில் விழுந்தன. றஞ்சிதம் ஒன்றையும் எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி பத்திரத்தில் இலக்கத்தைச் சரிபார்த்தார். மரியாதையான மனிதர்தான். ஆள் சாகுமா என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாய் திறக்குமுன் ஐறீன் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னாள்: "மைனாகூடச் சாகாது சேர். கடதாசிக்குத்தான்." கோச் மிஸ்ஸின் கடிதத்தையும் காட்டினாள்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். உள்ளே ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா? பலம் கூட்டுகிற சாமானோ வேறு எதுவுமோ வெளியிலிருந்து எடுப்பித்தீர்களா?

இல்லை சேர், என்றேன்.

மூன்றாவது கிட் பலம் கூட்டாது. குறைக்கும். அது பொய்யில்லை. ஆனால் எடுப்பித்தேனா என்றும் கேட்டாரே. அதற்கும் சேர்த்துத்தானே இல்லை என்றேன். அவர் அதைச் சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார். எழுதிக்கொண்டு போயிட்டார் — என்ர பேர், என்ர வாயால வந்த பொய், திகதி எல்லாம் போட்டு.

05.06.1997

பார்சல் வராமலே போய்விட வேண்டும். கப்பல் தாழட்டும் என்று நினைக்கிற கப்பல் கம்பனிக் குமாஸ்தா கொழும்பில் நான் ஒருவன்தான். அதுவும் ஆகாய மார்க்கமாக வருகிறது.

12.06.1997

வந்துவிட்டது. தபால் பொதிகள் கந்தோரிலிருந்து அறிவித்தல் துண்டு. 'தையல் இயந்திர உதிரிப்பாகம். திறந்து பரிசோதிக்கப்பட வேண்டும். அடையாள அட்டையுடன் நேரில் வரவும்.' இரண்டு கிழமைக்குள் போகாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகுமாம்.

திரும்பிப் போகட்டும். சட்டைப் பையில் வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

13.06.1997, வெள்ளி

அந்தோனியார் திருநாள். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றேன். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதரிடம், வந்த பொருளைத் தொலைத்துவிடும் என்று எப்படிக் கேட்பது? கேட்டேன்.

17.06.1997, செவ்வாய்

ஐறீன் கேட்டாள்: "பெரியப்பான்ர பார்சல் இன்னும் வரேல்லையா அப்பா?"

இல்லை என்றேன். இந்த மாதத்தில் இரண்டாவது இல்லை. முதலாவதைப் பொலிசுக்குச் சொன்னேன், இதைப் பெற்ற பிள்ளைக்கு. அவள் சரி என்று சொல்லிவிட்டுக் குசினிச் சுவரைப் பார்த்துத் துவக்கைத் தூக்கினாள். முந்நூற்று முப்பத்தெட்டு.

பயந்த தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை குறி பார்த்துச் சுட ஆசைப்பட்டிருக்கக்கூடாது. வெட்கமாக இருக்கிறது.

20.06.1997, வெள்ளி

நாலரைக்கு வீட்டுக்கு வந்தேன். ஐறீன் இல்லை. ரியூசனா என்று கேட்டேன். றஞ்சிதம் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னாள். துண்டு சட்டைப் பையில் இருந்ததாம். தோய்க்கும்போது எடுத்தாளாம்.

"நான்தான் அவளிட்டக் குடுத்தனான். நீங்கள் போகமாட்டியள் எண்டு தெரியும்."

"தனியாவோ விட்டனீ?"

"அவளின்ர அட்டையில பிறந்த இடம் கொழும்பு. பள்ளிக்கூட உடுப்போட போனவள். கோச் மிஸ்ஸின்ர கடிதமும் கொண்டு போனவள்."

நான் கத்தினேன். பிறகு கத்துவதற்கும் பயந்து நிறுத்தினேன். பெட்டியைத் திறந்தால் ஸ்பிரிங் வரும், சீட்டில் தையல் மெசின் என்று இருக்கும். பதினெட்டு வயசுப் பிள்ளை அதுக்கு என்ன சொல்லும்? கள்ளப் பேர் வைச்சவன் நான், போய் நிண்டவள் அவள். சவுந்தரநாயகத்துக்கு நாலு நாள். பொம்பிளைப் பிள்ளைக்கு — எழுதமாட்டன்.

பஸ் ஏறப் போனேன். எந்தக் கந்தோர் என்று துண்டைப் பார்க்க வேண்டும், துண்டு அவளிடம். சந்தி வரை போவதும் வருவதுமாக ஐந்து தரம். ஆறு மணிக்குச் சந்தி முனையில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. கையில் ஒரு பிறவுண் கடதாசிப் பொதி.

"என்னப்பா ரோட்டில நிக்கிறியள்? ஒண்டுமில்லை. கியூவில நிண்டன், குடுத்திச்சினம்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

21.06.1997, சனி

பொதிக்குள் ஒரு படிவத்தின் பிரதி இருந்தது. பொருள் விபரத்தைத் திருத்தக் கோரும் படிவம். இந்த வகைப் படிவம் நான் நூற்றுக்கணக்கில் நிரப்பியிருக்கிறேன். திருத்தத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. எழுத்துப் பிழை என்று எழுதுவோம், அல்லது அனுப்பியவரின் கவனக்குறைவு. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் உண்மையான காரணத்தை நான் எழுதினதில்லை. வேறு யாரும் எழுதிக் கண்டதுமில்லை.

மேலே 'எயார் றைபிள் ஸ்பிரிங், சீல், பள்ளிக்கூடப் போட்டிக்கு' என்று ஐறீன் சிங்களத்தில் எழுதியிருக்கிறாள். காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல். எனக்குச் சிங்களம் எழுத்துக் கூட்டித்தான் வரும். மூன்று தரம் கூட்டி வாசித்தேன்.

அப்பா பயந்தார்.

அதன் மேல் முத்திரை, கீழே கையெழுத்து. கவுண்டரில் இருந்த உத்தியோகத்தர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்பாவுக்கு என்ன வயசு என்று மட்டும் கேட்டாராம். நாற்பத்தொன்பது என்றாளாம். முத்திரையைக் குத்திவிட்டாராம்.

பின்னேரம் மேசையில் பேப்பர் விரித்து இரண்டு பேருமாகத் துவக்கைக் கழற்றினோம். பழைய ஸ்பிரிங் ஒரு பக்கம் வளைந்திருந்தது. புதியதைக் கிறீஸ் பூசி உள்ளே தள்ளி, அமத்திப் பிடித்தபடி ஆணியைப் பூட்ட வேண்டும். விட்டால் பாய்ந்து முகத்தில் அடிக்கும். நான் அமத்தினேன். என் கை நடுங்கியது. ஐறீன் தன் கையை என் கையின் மேல் வைத்து அமத்தினாள்.

அவளுடைய கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.