நார்மன் மெக்கைவரின் மகள்கள்

புன்ட்டா அரீனாஸ்,
4 மார்ச் 1969

மதிப்பிற்குரிய முர்டினா கிரஹாம் அம்மையார் அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவளின் வணக்கம். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. உலகத்தின் தெற்குக் கோடியிலிருக்கும் இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கல்லறைகளைத் தேய்த்துப் படித்துக்கொண்டு திரியும் நாலைந்து பேர் இருக்கிறோம். ஊரில் எங்களுக்குக் கிறுக்கர் கூட்டம் என்று பெயர். அதில் வின்கோ என்றொருவர், தச்சர், தன் பாட்டனாரின் ஊரைக் கடல்தாண்டிக் கண்டுபிடித்தவர். அவருக்கு லண்டனில் ஒரு கிறுக்குச் சிநேகிதர். அவர்தான், "லூயிஸ் தீவு என்றால் முர்டினா கிரஹாமைக் கேளுங்கள், அந்த அம்மாளுக்குத் தெரியாத குடும்பம் இன்னும் பிறக்கவில்லை" என்று எழுதியிருந்தார்.

என் அப்பா நார்மன் மெக்கைவர். வடகடலிலிருக்கும் உங்கள் தீவிலிருந்து ஆடு மேய்க்க இங்கே வந்தவர். எனக்குப் பதினாலு வயதில் போய்விட்டார். தன் ஊரைப் பற்றி வாயே திறக்கமாட்டார். நாய்களைத் திட்டும்போதும் பைபிள் சங்கீதம் பாடும்போதும்தான் ஊர் பாஷை வரும். ஞாயிற்றுக்கிழமை விறகு பிளக்கக் கூடாது, சட்டி கழுவக்கூடக் கூடாது. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த அம்மாவும் போன குளிர்காலத்தில் போய்விட்டாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. மருந்துக் கடையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், கதவைத் திறப்பவளும் நான்தான், 'வா' என்பவளும் நான்தான். அப்பாவின் ஜனம் என்று அங்கே ஒருவராவது மிச்சமிருக்கிறாரா? அது மட்டும் தெரிந்தால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
எதெல்மீரா மெக்கைவர்

*

லூயிஸ் தீவு,
11 ஏப்ரல் 1969

அன்புள்ள எதெல்மீரா,

அம்மையாராவது கும்மையாராவது! முர்டினா என்றே எழுது. எனக்கு வயது அறுபதுதான்.

நார்மன் மெக்கைவர் என்றா கேட்டாய்? நல்ல பெண்ணம்மா நீ. கடற்கரைக் கூழாங்கல்லில் ஒன்றைக் காணோம், பார்த்துச் சொல்லுங்கள் என்பதுபோல் இருக்கிறது. இங்கே பிள்ளை பிறந்தால் தாத்தா பேர் வைத்தே ஆகவேண்டும். வைக்காவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அதனால் சந்துக்குச் சந்து நார்மன்.

செவ்வாய்க்கிழமை பழைய பள்ளிக்கூடத்தில் எங்கள் கிறுக்கர் கூட்டம் கூடியது. உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். என் சிநேகிதி கெனினா உடனே, "எந்த நார்மன்டி? மூக்கு நீண்ட நார்மனா, கோழி திருடின நார்மனா, தையக்கார வீட்டு நார்மனா? பட்டப்பேரு இல்லாம ஆளத் தேடறது, விளக்கில்லாம ஊசி தேடற மாதிரி" என்றாள். "கத்தாத, அந்தப் பொண்ணு பாவம்" என்றேன். "பாவமாயிருந்தா அப்பன் ஆத்தா பேர எழுதச் சொல்லு" என்றாள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் சொன்னதுதான் சரி. உன் அப்பாவின் கல்யாணம் எந்தக் கோயிலில் நடந்ததோ அங்கே போய்க் கேள். பெற்றவர் பேர் எழுதியிருப்பார்கள்.

உங்கள் பக்கம் போனவர்கள் எங்கள் தீவில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. என் வீட்டிலிருந்தும் போனார்கள். அதை விடு.

என் அம்மா கிர்ஸ்டிக்கு எண்பத்திரண்டு வயது. அடுப்போரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டே, நான் சுடும் ரொட்டியைக் குறை சொல்வதுதான் அவளுக்கு உத்தியோகம். "யாருக்குடி எழுதற?" என்றாள். "தூரத்துல ஒரு பொண்ணுக்கு" என்றேன். "மழையா அங்கயும்னு கேளு" என்கிறாள். மழையா?

அன்புடன்,
முர்டினா

*

புன்ட்டா அரீனாஸ்,
20 மே 1969

அன்புள்ள முர்டினா,

மழை இல்லை, காற்று. அம்மாவிடம் சொல்லுங்கள், தெருமுனையில் கயிறு கட்டியிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பவேண்டும்.

கிடைத்துவிட்டது! கோயிலில் பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் அம்மாள் முதலில் 'அடுத்த மாசம் வா' என்றாள். வின்கோ அவளுடைய அலமாரிக் கதவு தொங்குவதைப் பார்த்து, உளியை எடுத்து, பேசாமல் சரிசெய்து கொடுத்தார். அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. 1922இல் கல்யாணம். நார்மன் மெக்கைவர், தகப்பன் அலஸ்டர் மெக்கைவர், தாய் அனபெல்லா மரே.

அலஸ்டர், அனபெல்லா. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் தாத்தா பாட்டி பேரை நாற்பத்தைந்து வயதில்தான் முதல்முதலாகச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

இத்துடன் எங்கள் ஊர்ப் பழ ஜாம் ஒரு புட்டி அனுப்புகிறேன். உடையாமல் வந்தால் அம்மாவுக்கு.

பதிலுக்குக் காத்திருக்கும்,
எதெல்மீரா

*

லூயிஸ் தீவு,
2 ஜூலை 1969

எதெல்மீரா மெக்கைவர் அவர்களுக்கு,

கேட்டதைக் கண்டுபிடித்துவிட்டேன். தேடவே வேண்டியிருக்கவில்லை.

அலஸ்டரும் அனபெல்லாவும் எங்கள் ஊர். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் நார்மன் என்றே பேர். அப்பாவைப் பெற்ற தாத்தாவும் நார்மன், அம்மாவைப் பெற்ற தாத்தாவும் நார்மன். எந்தத் தாத்தாவை விடுவது? எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. பெரிய நார்மன், சின்ன நார்மன் என்று கூப்பிட்டார்கள்.

சின்னவன் முதலில் உங்கள் நாட்டுக்குப் போனான். பிறகு அண்ணனையும் வரச் சொன்னான். பெரியவன் அப்போதுதான் கல்யாணம் ஆனவன். இரண்டு வருஷம் சம்பாதித்துக்கொண்டு வருகிறேன் என்று கப்பலேறினான். மனைவி முழுகாமல் இருந்தாள். அடுத்த வருஷம் பண்ணையிலிருந்து தந்தி வந்தது, நார்மன் மெக்கைவர் இறந்துவிட்டான் என்று. சின்னவனுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலவீனம். ஊரே அவனுக்காக அழுதது. எங்கள் இடுகாட்டுக் கல்லில் அவன் பேர் இருக்கிறது.

பெரியவன் ஒரு வரி எழுதவில்லை. வரவும் இல்லை. அவனே எழுதட்டும் என்று வீம்பாக இங்கேயும் யாரும் எழுதவில்லை. அவன் மனைவிதான் என் அம்மா கிர்ஸ்டி. வயிற்றிலிருந்த பிள்ளை நான். கிரஹாம் என்பது நான் வாக்கப்பட்ட வீட்டுப் பேர்.

புருஷன் செத்தவளுக்கு இந்த ஊரில் ஒரு மரியாதை உண்டு. புருஷன் விட்டுவிட்டுப் போனவளுக்கு என்ன உண்டு என்று எனக்குத் தெரியும். என் அம்மா விதவைக் கறுப்பு உடுத்தவில்லை, கலர் உடுத்தவும் கூசினாள். கரி நிலத்தில் அடுப்பெரிக்கும் மண்ணைத் தனியாக வெட்டி, தனியாக முதுகில் சுமந்து என்னை வளர்த்தாள். சின்ன வயதில் பஸ்ஸிலிருந்து யாராவது தொப்பி போட்டவர் இறங்கினால் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அவர் உயிரோடுதான் இருந்தார், 1922இல் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றார் என்று இப்போது உன் கையால் எழுதி வருகிறது. அவர் உனக்குப் பதினாலு வருஷம் கிடைத்தார். எனக்கு ஒரு நாள்கூட இல்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உன்மேல் தப்பில்லை, அது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் இனி எழுதாதே. ஜாமைக் கெனினாவிடம் கொடுத்துவிட்டேன்.

முர்டினா கிரஹாம்

*

புன்ட்டா அரீனாஸ்,
23 நவம்பர் 1969

அன்புள்ள முர்டினா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் ஒருமுறை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபிறகு மாதக்கணக்கில் நான் நானாக இல்லை. அப்பா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். உயிரோடு இருக்கும் ஒரு மனைவியை மறைத்தா என் அம்மாவைக் கல்யாணம் பண்ணினார்? என் அம்மாவின் கல்யாணமே பொய்யா? கடையில் இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மருந்தைக் கொடுத்தேன்.

வின்கோதான் ஒருநாள், "ரெண்டு நார்மன்ல ஒருத்தர் செத்தாருன்னா அவரையும் எங்கயாவது புதைச்சிருக்கணுமில்ல? கல்லப் பாக்காம எழுதினத மட்டும் நம்புறது நம்ம கூட்டத்துக்கு அழகா?" என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் அப்பா குதிரையேறி எங்கோ போவார். திரும்பி வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார். வடக்கே ஆற்றங்கரைப் பண்ணைக்கு என்று மட்டும் அம்மா சொல்வாள். இங்கே வசந்தமான அக்டோபரில் பனி உருகிப் பாதை திறந்ததும் வின்கோவின் லாரியில் போனோம்.

அந்தப் பண்ணையில் சின்ன வயதிலிருந்தே வேலை பார்க்கும் எலெயூத்தேரியோ என்ற கிழவர் இருக்கிறார். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். நான் மெக்கைவர் மகள் என்றதும், "சின்னவரு மகளா?" என்றார். எந்தச் சின்னவர் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும்மா. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, கணக்கப்பிள்ளைக்குத் தலவலி. வெள்ளம் வந்தப்ப ஆட்டு மந்தைய அக்கரைக்கு ஓட்டுனாங்க. பெரியவரு தண்ணியோட போயிட்டாரு. சின்னவரு மூணாம் நாள் ஒடம்பைக் கண்டுபிடிச்சு, தன் தோள்லயே தூக்கிட்டு வந்தாரு. 'நான்தான வரச் சொன்னேன், நான்தான வரச் சொன்னேன்'னு அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு. ஆபீஸ்ல ஊருக்குத் தந்தி குடுத்தாங்க. ஊர்லேர்ந்து ஒரு வார்த்த வரும்னு வருஷக்கணக்கா பாத்தாரு. வரல. 'என்மேல கோவமா இருக்காங்க, நான் எந்த மூஞ்சியோட எழுதுவேன்'னாரு. அப்புறம் ஊர்ப்பேச்சையே விட்டுட்டாரு. பாவம், அந்தக் கோவத்தச் சொமந்துக்கிட்டே செத்தாரு."

மேட்டில் காற்றுப்படாத பக்கமாக ஒரு கல். அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. யாரையோ கெஞ்சிச் செதுக்க வைத்திருக்கிறார். காகிதம் வைத்துக் கரியால் தேய்த்து எடுத்திருக்கிறேன். மடிப்பைப் பிரித்து நீங்களே படியுங்கள்:

நார்மன் மெக்கைவர்
கிர்ஸ்டியின் கணவர்
முர்டினாவின் தகப்பன்
ஆற்றில் மறைந்தது 1910

நீங்கள் பிறந்த செய்தி அவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது, முர்டினா. உங்கள் பேர் அவருக்குத் தெரியும்.

எதெல்மீரா

*

லூயிஸ் தீவு,
20 ஜனவரி 1970

என் அருமைத் தங்கச்சி எதெல்மீராவுக்கு,

உன் உறையை வாங்கியதும் அடுப்பில் போடத்தான் போனேன். அம்மா, "தபால் தலை நல்லாருக்கே, அதையாவது கிழிச்சு வையேன்" என்றாள். கிழித்தேன். தேய்த்த தாள் மடியில் விழுந்தது. அதில் என் பேர்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. "என்னடி, பேயறஞ்சாப்பல நிக்கற?" என்றாள் அம்மா. அவளுக்குக் கண் மங்கல். மேஜைமேல் விரித்து, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். 'கிர்ஸ்டியின் கணவர்' என்றதும் பின்னுகிற கை நின்றது. அதை இன்னொருமுறை படிக்கச் சொன்னாள். படித்தேன். அப்புறம், "ஆத்துத் தண்ணி சில்லுனு இருந்திருக்குமாடி?" என்று கேட்டாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "பெட்டியில எங்கம்மாவோட கறுப்பு உடுப்பு இருக்கு, எடுத்து உதறு. கெனினாகிட்ட பெஞ்சு கேளு" என்றாள்.

இங்கே சாவு வீடு என்றால் ராத்திரிக்கு ராத்திரி ஊர் வந்து உட்கார்ந்து ஜெபம் பண்ணவேண்டும். பாதிரியார் தயங்கினார். உடம்பும் இல்லை, அறுபது வருஷமும் ஆகப்போகிறது, வழக்கமில்லையே என்றார். அம்மா சொன்னாள், "ஐயா, உங்களுக்குத் தோதுப்பட்டா வாங்க. இல்லேன்னா சங்கீதத்த நானே எடுத்துக் குடுத்துக்கறேன். எம் புருஷன் செத்துட்டாரு, எனக்கு இன்னிக்குத்தான் சேதி வந்திருக்கு."

வந்தார். எல்லோரும் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் மாட்டுக் கொட்டில்வரை நின்றார்கள். அவளைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் கிழவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கை கொடுத்தார்கள். மூன்று ராத்திரியும் அம்மா கறுப்பில், நிமிர்ந்து, ராணிபோல உட்கார்ந்திருந்தாள். கெனினாவா? அழுது அழுது என் மேஜை விரிப்பில் மூக்கைச் சிந்திவிட்டாள். உன் ஜாம் புட்டியைத் தொடாமலே வைத்திருந்தாளாம். ஊருக்கே ரொட்டியில் தடவிக் கொடுத்தோம்.

தந்தி வந்த அன்று எங்கள் ஜனத்தில் ஒருவருக்காவது 'எந்த நார்மன்?' என்று திருப்பிக் கேட்கத் தோன்றியிருக்கலாம். கேட்காமல் நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். நோஞ்சான்தான் சாவான் என்று.

கடைசி ராத்திரி எல்லோரும் போனபிறகு அம்மா உன்னைப் பற்றி விசாரித்தாள். யார் ஜாடை, என்ன சாப்பிடுவாள், தனியாகவா இருக்கிறாள் என்று. தனியாகத்தான் என்றேன். கோபம் வந்துவிட்டது. "கொழுந்தனோட பொண்ணுடி! நான் அவளுக்குப் பெரியம்மா. பெரியம்மா உசிரோட இருக்கச்சே அதென்ன தனியா இருக்கறது? பெரியம்மா கூப்பிட்டான்னு எழுது. உன்ன மாதிரி கருகவிடாம ரொட்டி சுடுவாளான்னும் கேளு" என்றாள். சுடுவாயா? உனக்கு அடுப்பங்கரையை ஒட்டின அறை. வெயில் அங்கேதான் கொஞ்சம் வரும்.

இன்னொன்று. ஊர் தன்மேல் கோபமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உன் அப்பா போய்ச் சேர்ந்தார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எதெல்மீரா, ஊருக்குக் கோபமே இல்லையடி. இதே வீட்டில், இதே பெஞ்சுகளைப் போட்டு, இந்த ஊர் உட்கார்ந்து அழுதது உன் அப்பாவுக்காகத்தான். அனபெல்லா பாட்டி சாகும்வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இடுகாட்டுக்குப் போய்த் தொட்டுவிட்டு வந்தது சின்ன நார்மன் பேரைத்தான்.

எங்கள் இடுகாட்டுக் கல்லில் உன் அப்பா செத்த வருஷம் மட்டும் தப்பு. பக்கத்தில் என் அப்பா பேரையும் போடவேண்டும். கல்தச்சனிடம் சொல்லிவிட்டேன், என் தங்கச்சி ஜூன் மாதம் வருகிறாள், அவள் வந்து நிற்காமல் உளியைத் தொடாதே என்று.

உன் அக்கா,
முர்டினா