தரையில் இரண்டு எஞ்சின்

பாளையங்கோட்டை,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ராஜிக்கு,

அம்பலவாணன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நீ மடித்து வைத்துவிடுவாய். அதனால் உள்ளதை மட்டும் சொல்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சவரம் செய்துகொள்கிறேன். மேற்கொண்டு கேட்காதே.

போன் செய்தால் வடிவுதான் எடுக்கிறாள். "அம்மா குளிக்கா, பொறவு பேசச் சொல்லுதேன்" என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், விளக்கு வைத்த பிறகு கூப்பிட்டாலும் குளிக்கிறாய். ஆற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நான்கூட ஆயுசில் இவ்வளவு குளித்ததில்லை. புனேயில் அத்தனை தண்ணீர் வருகிறதா என்று மாப்பிள்ளையிடம் கேட்கலாம் என்றிருந்தேன். பிறகு, பாவம், பெற்ற மகளைத் தினமும் பொய் சொல்ல வைக்கிறோமே என்று தோன்றியது. கடிதம் என்றால் குளித்துவிட்டு வந்து படித்தால் போதும்.

முதலில் தெருச் செய்தி. எதிர்வீட்டு நீலாம்பாள் மதினி தினமும் ஒரு கிண்ணம் குழம்போடு வருகிறாள். கிண்ணத்தை வைத்துவிட்டு, கண்ணாலேயே நம் வீட்டை ஒருமுறை பெருக்கிவிட்டுப் போகிறாள். நீ ஏன் இன்னும் ஊருக்கு வரவில்லை என்று கேட்பவர்களிடம், வடிவு உண்டாகியிருக்கிறாள், அதுதான் தாயார் கூட இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறாள். மார்க்கெட்டில் ஒருவர் என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டேன். வடிவிடம் விஷயத்தைச் சொல்லிவிடு. அவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

எழுத வந்தது கார் விஷயம்.

நம் சங்கரின் பியட் தச்சநல்லூரில் மெக்கானிக் பெருமாள்ராஜின் ஷெட்டில்தான் நிற்கிறது. புரட்டாசியில் அவன் எப்படி விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனானோ, அப்படியே. பானெட் திறந்திருக்கிறது, உள்ளே வெறும் பள்ளம். கழற்றிய பழைய பியட் எஞ்சின் ஒரு பக்கம் தார்ப்பாய் மேல். அதன் இடத்தில் ஏற்றுவதற்காக அவன் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் போட்டுக் கொண்டுவந்த மாருதி எஞ்சின் இன்னொரு பக்கம் மரக்கட்டை மேல். பெருமாள்ராஜ் மத்தியானத்தில் இரண்டுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுக்கிறான், சம்பந்திகள் சண்டைக்குப் போய்விடாமல் காவல் இருப்பதுபோல.

சாதாரணக் காய்ச்சல் என்று போன பிள்ளை திரும்பாததால் வேலை அங்கேயே நிற்கிறது. இந்த வரியை எழுத நாள் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். பால்காரன் வரவில்லை என்று எழுதுவதுபோலவே வந்துவிட்டது.

எங்கள் அப்பா காலத்திலிருந்து பியட் வீடு என்று பெயர் எடுத்தவர்கள் நாம். அம்பாசிடர் வைத்திருந்தவர்கள் வீட்டில் காபிகூடக் குடிக்காத பரம்பரை. அதில் போய் மாருதி எஞ்சினை வைக்கப்போகிறேன் என்று அவன் வந்து நின்றபோது, "ஏலே, கம்பெனி விட்டுக் கம்பெனி சம்பந்தமா? ஊர் என்னல சொல்லும்?" என்று கேட்டேன். நீ மிஷினில் தைத்துக்கொண்டே, "பொருந்துனா சரிதான்" என்றாய். தீர்ப்பு அதுதான் என்று எனக்கு அப்போதே தெரியும். நம் வீட்டில் என் வார்த்தைக்கு எப்போதும் வாய்தாதான். "ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலையுதவன் நான், பேரு மட்டும் உங்களுக்கா?" என்று சங்கர் கேட்டு, வண்டியைத் தன் பெயருக்கே மாற்றிக்கொண்டான். எஞ்சின் மாற்ற அனுமதியும் முறையாக வாங்கினான். அந்த விஷயத்தில் உன் பிள்ளை.

வேலை இல்லாத மத்தியானங்களில் நான் ஷெட்டுக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டில் இருந்தால் குழம்புக் கிண்ணம் வந்துவிடும் என்பதால்தான். நேற்று முன்தினம் டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, "என்ன அண்ணாச்சி, மைலேஜ் எம்புட்டு குடுக்கு?" என்றார். "சொட்டுப் பெட்ரோல் குடிக்கல வே, தங்கமான வண்டி" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பெருமாள்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, "அண்ணாச்சி, ஒரு சாமானைக் காட்டணும், கோவப்படக் கூடாது" என்றான்.

காட்டியது ஓர் இரும்புத் தகடு. மாருதி எஞ்சினும் பியட் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று நேராகச் சேராதாம். இரண்டு கம்பெனிக்காரனும் போல்ட் துளைகளை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறான். நடுவில் ஒரு தகடு வைத்து, ஒருபுறம் எஞ்சினையும் மறுபுறம் கியர்பாக்ஸையும் முடுக்க வேண்டும். அந்தத் தகட்டை, கங்கைகொண்டான் பாக்டரியில் தன் வேலை முடிந்த பிறகு, தெரிந்த லேத் பட்டறையில் உட்கார்ந்து சங்கரே செய்திருக்கிறான். முதலில் இரண்டு அட்டைகளில் துளைகளை அச்செடுத்து, பிறகு அந்த அட்டைகளைத் தகட்டில் வைத்துக் குறித்திருக்கிறான். இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கப்போகிறவை அல்லவா, ஓர் அட்டையைத் திருப்பிப் போட்டுக் குறிக்க வேண்டும். உன் மகன் திருப்பவில்லை. ஒரு பக்கத்துத் துளை அத்தனையும் இடம் வலம் மாறிக் கிடக்கிறது.

எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. வடிவின் கல்யாண ரவிக்கைக்குத் துணியைத் திருப்பாமல் வெட்டி, இரண்டு இடதுகை தைத்து வைத்தவளோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். "இது தாய்வழிச் சொத்து வே" என்று பெருமாள்ராஜிடம் சொல்லிச் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். நிற்கவில்லை. அவன் பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "பைய, அண்ணாச்சி, பைய" என்று முதுகைத் தடவினான். சிரித்து முடித்ததும் அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஷெட் இருக்கும் இடத்தில் மனைக்காரர் கல்யாண மண்டபம் கட்டப்போகிறாராம். மாசி முடிவதற்குள் பெருமாள்ராஜ் காலி செய்தாக வேண்டும். "தம்பி நெனச்ச மாதிரி வேற தகடு போட்டு மாருதியை ஏத்திருவமா? இல்ல, பழசையே மாட்டிருவமா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறான். நடுவில் திசையன்விளையிலிருந்து பழைய கார் சேர்க்கும் அண்ணாச்சி ஒருவர் வந்து, பழைய எஞ்சினோடு என்றால் இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன், மாருதி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாருதியை அவர் பார்த்த பார்வையில் எங்கள் அப்பா தெரிந்தார்.

எனக்குள்ளே முடிவெடுக்கிற இடத்தில் யாரும் இல்லை, பானெட்டுக்கு அடியில் இருப்பதுபோல. எதற்கும் வண்டியை என் பெயருக்கு மாற்றி வைப்போம் என்று வக்கீல் அம்மையப்பனைப் பார்க்கப் போனேன். அங்கேதான் வேடிக்கை. கல்யாணம் ஆகாத பிள்ளை எதுவும் எழுதிவைக்காமல் போனால், முதல் வாரிசு தாயார் மட்டும்தானாம். தகப்பன் அடுத்த வரிசையில் நிற்க வேண்டுமாம். "அண்ணாச்சி, ராஜி அக்கா இருக்கையில உங்களுக்கு அதுல ஒரு நட்டுகூடக் கெடையாது" என்றான்.

வாழ்நாள் முழுக்க இன்சூரன்ஸ் ஏஜெண்டாகத் திரிந்து, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாரிசு பெயர் கேட்டு எழுதியவனுக்கு இது தெரியவில்லை. நான் நிரப்பியதெல்லாம் அப்பனுக்குப் பிள்ளை வாரிசாகும் பாரங்கள். மறுபக்கத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நியாயம்தான் என்று பட்டது. பெற்றவள் நீ.

ஆக, கார் உன்னுடையது. தரையில் கிடக்கும் இரண்டு எஞ்சினும் உன்னுடையவை. துளை மாறிய தகட்டில் எனக்குக் கொஞ்சமும் பங்கில்லை, அது சட்டத்துக்கு முன்பே முடிவான விஷயம். பழசை மாட்டச் சொல், மாருதியை ஏற்றச் சொல், திசையன்விளைக்கு அனுப்பச் சொல். நீ என்ன சொன்னாலும் பெருமாள்ராஜ் செய்வான், நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பேன்.

கையெழுத்துப் போட நீ இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை, காகிதங்களைத் தபாலில் அனுப்பினால் அங்கேயே போட்டு அனுப்பிவிடலாம் என்று அம்மையப்பன் சொன்னான். நல்ல பிள்ளை. எங்கெங்கே போட வேண்டும் என்று பென்சிலால் குறித்தும் கொடுத்தான்.

அவற்றை இந்த உறையில் வைக்கவில்லை. மறந்துபோய் வைக்காமல் இல்லை, ராஜி. வைக்கவில்லை. உன் தையல் மிஷின் மேல் இருக்கின்றன.

அங்கே குளிர் அதிகம் என்று வடிவு சொன்னாள். காதை மூடிக்கொள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். எல்லாரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், எல்லாரும்.

ரயில் எந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தாலும் ஸ்டேஷனில் நிற்பேன். ஆட்டோதான் பிடிக்க வேண்டியிருக்கும்.

உன்
அம்பலவாணன்